பழைய டீசல் வண்டிக்கு நாடி பார்த்தல்

நாகமலை அடிவாரத்து ஊர்களில் வண்டி மாடுகள் அருகிவிட்டன. அவை நின்ற இடங்களில் இன்று பழைய பிக்கப் வண்டிகள் நிற்கின்றன. எங்கள் கீழக்குயில்குடியிலும் அப்படித்தான். சமணர் மலையைப் பார்க்க வருவோர் பாறைச் சிற்பங்களையும் தாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். குளத்திற்கு அப்பால் நிற்கும் வண்டிகளைக் கவனிப்பார் இல்லை. பூ மூட்டையும், தேங்காயும், வைக்கோலும், கிடாவெட்டுக்குப் போகும் அண்டா குண்டாவும் இவ்வண்டிகளில்தான் ஊர் தாண்டுகின்றன.

நம் நாட்டில் இவ்வகைச் சிறு சுமை வண்டிகளில் டீசல் என்ஜின் பரவியது 1980களில். 1988இல் டாட்டாமொபைல் வந்தபின் பிக்கப் என்ற சொல்லே ஊர்ப்புறத்துக்குப் பழக்கமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதிப்படி விற்கப்படும் வண்டிகளில் கருவியைச் செருகினால் என்ன குறை என்று எண்ணாகவே காட்டிவிடும். பழைய வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அது புகையாலும் ஒலியாலும் மட்டுமே பேசும். ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’, ‘இழுவை இல்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் இரு நோய்களையும் என்ஜினைப் பிரிக்காமலே எவ்வளவு தூரம் கண்டறியலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். பிரிப்பது எளிது, பிரித்தபின் ஆகும் செலவுதான் ஒரு குடும்பத்தையே அசைத்துவிடுகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை யாவரும் அறிவோம். டீசல் என்ஜினின் அடிப்படை அவ்வளவே. இதில் பெட்ரோல் வண்டிக்குள்ள தீப்பொறிக் கட்டை இல்லை. பிஸ்டன் காற்றை அமுக்குகிறது, அமுங்கிய காற்றின் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அமுக்க விகிதம் 18 என்றும், உட்செல்லும் காற்று 300 கெல்வின் என்றும் கொண்டு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்கு நாம் வகுப்பில் படித்த சமன்பாட்டைப் போட்டால் ஏறத்தாழ 953 கெல்வின், அதாவது 680 டிகிரி செல்சியஸ் கிடைக்கிறது. சிலிண்டர்ச் சுவர் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் உண்மையில் இதற்குக் குறைவாகவே இருக்கும். ஆயினும் டீசல் பற்றிக்கொள்ள அது தாராளம். ருடால்ப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இக்கருத்தை ஓடும் எந்திரமாக்கிக் காட்டினார். ஆனால் சிறு வண்டிகளுக்கு இது ஏற்றதாக ஆனது, 1927இல் பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்புகள் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்த பிறகே.

ஆகவே என்ஜின் கேட்பது மூன்று: தூய காற்று, கசியாத அமுக்கம், உரிய நேரத்தில் பனித்துளிபோல் தூவப்படும் டீசல். மிஸ்ஸிங்கும் இழுவைக் குறைவும் இம்மூன்றில் ஒன்று குறைவதால் வருவனவே. எது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது சங்கதி.

நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்திற்கு 750 சுற்றில் நின்ற இடத்தில் ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஆறு முறைக்குச் சற்று மேல் எரிகிறது. நான்கும் சேர்ந்து இருபத்தைந்து. அதில் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் நான்கு அடித் தாளத்தில் ஓரடி விட்டதுபோல ஒலி நொண்டும். பறையடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தச் சிலிண்டர் என்று அறிய, பட்டறைக்காரர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாசிலுக்கும் பம்பிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வருகிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் நாசில் முனையிலுள்ள நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால் டீசல் அங்கேயே கசிந்துவிடும். அந்தச் சிலிண்டருக்குப் போகாது. சிலிண்டர் நன்றாக இருந்தால் என்ஜின் உடனே தடுமாறும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது முன்பே எரியவில்லை என்று பொருள். வேலை செய்கிறவனை நிறுத்தினால் குறை தெரியும். தூங்குகிறவனை நிறுத்தினால் என்ன தெரியப்போகிறது?

இதைச் செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. நாசில் திறக்கும் அழுத்தம், வகைக்கேற்ப, வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு முதல் இருநூற்றைம்பது மடங்கு வரை இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். நட்டின்மேல் கனத்த துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், விரலை அருகில் நீட்டக் கூடாது. புதிய காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் ஆயிரம் மடங்கையும் தாண்டுவதால் அவற்றில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

இனி, எங்கள் வீட்டு வண்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் கட்டணமும் தங்கையின் பள்ளிச் செலவும் அந்த வண்டியின் வாடகையில் வருபவை. சென்ற ஆண்டு கோடையில் அதற்கு இரண்டு நோயும் ஒன்றாக வந்தன. காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகையும் மிஸ்ஸிங்கும். உசிலம்பட்டியில் பூ ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வரும் வழியில் நாகமலைப் புதுக்கோட்டையை நெருங்கும்போது இழுவை விழுந்துவிடும். மாட்டுத்தாவணிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போன மல்லிகை வேறு விலைக்குத்தான் போகும். அந்த வித்தியாசத்தை வியாபாரி எங்கள் வாடகையில் கழிப்பார். ஒரு பட்டறையில் “என்ஜினைப் பிரிக்கணும், அறுபதாயிரத்துக்குக் குறையாது” என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக்கடை வரை போகத் தயாராயிற்று.

சித்தப்பா முன்பு லாரிப் பட்டறையில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நட்டுகளைத் தளர்த்த, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். முதலாவது, இரண்டாவது தளர்த்தியபோது வண்டி குலுங்கியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒன்றும் இல்லை. “காதைக் குடுத்துக் கேளுப்பா, மூணாவது சும்மா கெடக்கு” என்றார். ஆனால் அது சும்மா கிடப்பது நாசிலாலா, அமுக்கம் போனதாலா? அமுக்கம் என்றால் பட்டறை சொன்னதே சரி. நாசில் என்றால் செலவு வேறு. இங்கே நாங்கள் ஆய்வுக்கூடத்து வழியை எடுத்துக்கொண்டோம்: மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றுவது. மூன்றாவது நாசிலை இரண்டாவதற்கும், இரண்டாவதை மூன்றாவதற்கும் புதுச் செம்பு வாஷர் போட்டு மாற்றி மாட்டி, காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்பினோம். இப்போது தூங்கியது இரண்டாவது சிலிண்டர். நோய் நாசிலோடு இடம் பெயர்ந்துவிட்டது. டீசல் பம்ப் பட்டறையில் சோதித்தபோது அந்த நாசில் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது. புதியது போட இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

மிஸ்ஸிங் நின்றது, இழுவைக் குறைவு நிற்கவில்லை. டீசல் பில்டரை மாற்றினோம், குழாய் இணைப்புகளை இறுக்கினோம், பயனில்லை. வியப்பு என்னவென்றால், வழியில் டீசல் போட்டவுடன் வண்டி சரியாகிவிடும். தொட்டியின் அடியில் அழுக்கு என்றார் ஒருவர். டீசலே கலப்படம் என்றார் மற்றொருவர். டீசல் போடும்போது இரண்டு காரியம் நடக்கிறது என்பதை அவர்கள் எண்ணவில்லை. எரிபொருள் உள்ளே போகிறது. அதற்குமுன் மூடி திறக்கப்படுகிறது. அடுத்த முறை இழுவை விழுந்தபோது அப்பாவிடம் சொல்லி, டீசல் போடாமல் மூடியை மட்டும் திறக்கச் செய்தேன். காற்று ‘உஸ்’ என்று உள்ளே போனது. வண்டி பழையபடி இழுத்தது. மூடியின் உட்புறம் மழைநீர் இறங்காதிருக்க எப்போதோ யாரோ வைத்த பாலிதீன் தாள், காற்றுத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

பாயில் விதியைப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் முப்பது லிட்டர் காற்றிடம் இருக்கிறது; முப்பது கிலோமீட்டர் ஓடி மூன்று லிட்டர் டீசல் குறைந்தது என்று கொள்வோம். வெளிக்காற்று வராவிட்டால் உள்ளழுத்தம் 30/33 பங்காகும். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு குறையும். இது ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள டீசலின் அழுத்தத்துக்குச் சமம். தேய்ந்த சிறு பம்ப் அந்தக் கூடுதல் உயரத்துக்கு டீசலை இழுக்க வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் ஓடக் கிடைத்த டீசல், சுமையோடு ஓடப் போதவில்லை. பாதிப்பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதி, பாலிதீன் தாளுக்கு அடியில் இத்தனை நாள் இருந்திருக்கிறது!

புகையின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசியால் காற்றுப் பில்டர் அடைபட்டு இது வருவது எங்கள் பக்கம் அதிகம். நாசிலைத் தொடுமுன் அதைக் கழற்றிப் பார்த்துவிடலாம். வெள்ளைப் புகை கண்ணைக் கரித்தால் எரியாத டீசல்; என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுவதைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததன் அறிகுறி அது. இது பலமாக இருந்தால் என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் வண்டியிலும் காலையில் முதல் கிளப்பலுக்கு ஒரு கீற்று நீலப் புகை இன்னும் வருகிறது. எனவே, ஆயில் ஊற்றிய நாளையும், அளவையும், ஓடிய கிலோமீட்டரையும் அப்பா என் முதலாண்டு ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறார். மூன்று மாதமாக அளவு ஏறவில்லை. ஏறினால் பிரிப்போம்.