"எங்க வீட்ல ஓடுச்சு சார்!"



ப்ராஜெக்ட் ரிவியூ அன்று நம்மில் பலரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. அதுதான் மேலே தலைப்பாக இருக்கிறது. நானும் சொன்னேன். "அப்போ உங்க வீட்டையே தூக்கிட்டு வாப்பா, மார்க் போடறேன்" என்றார் எங்கள் சார். லேபே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்று. இரண்டு மணிக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் அந்த ரிவியூவுக்கு மார்க் கிடையாது.

அந்த மூன்று மணி நேரத்தில் கற்றதை ஜூனியர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நானும் என் நண்பனும் சி மொழியில் ஒரு நூலக புரோகிராம் எழுதியிருந்தோம். அவன் லேப்டாப்பில் விண்டோஸ். லேபில் உபுண்டு லினக்ஸ். "சோர்ஸ் ஒண்ணுதானேடா, எங்க போனாலும் ஓடும்" என்றான். சோர்ஸ் ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றி இருப்பவை ஒன்றல்ல.

முதலில் ஒரு அடிப்படை. கம்பைலர் ஒவ்வொரு சி ஃபைலையும் ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றுகிறது. லிங்க்கர் அவற்றையும் லைப்ரரிகளையும் இணைக்கிறது. ஓட்டும்போது லோடர் வந்து, வேண்டிய லைப்ரரிகளை மெமரியில் ஏற்றுகிறது. இந்த வேலைகளை வரிசையாகச் செய்ய மேக் ஃபைலும் ஸ்கிரிப்ட்டும் இருக்கின்றன. எரர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தக் கட்டத்தில் விழுந்தது?

1. கண்ணுக்குத் தெரியாத எழுத்து

ஸ்கிரிப்டை ஓட்டினால் பர்மிஷன் இல்லை என்றது. பென்டிரைவில் வந்த ஃபைலுக்கு ஓட்டும் அனுமதி இல்லை. சிஎச்மாட் கட்டளையால் கொடுத்தேன். அடுத்து, "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்றது. ஃபைல் கண் முன்னாலேயே இருக்கிறது!

காரணம் வரி முடிவு. பழைய டெலிபிரிண்டரில் தலையை இடப்பக்கம் இழுக்க ஒரு குறி, பேப்பரை ஒரு வரி உருட்ட இன்னொரு குறி. அவற்றின் எண்கள் 13, 10. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் வைக்கிறது. லினக்ஸ் 10 மட்டும் வைக்கிறது. எங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஷெல்லின் பெயருக்குப் பின்னால் அந்த 13 ஒட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் அதையும் பெயரின் பகுதி என்று நினைத்துத் தேடியது. இல்லை என்று அது சொன்னது ஸ்கிரிப்டை அல்ல, ஷெல்லை!

'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்தால் இந்த வரி முடிவைச் சொல்லிவிடும். டாஸ்2யுனிக்ஸ் என்ற சின்ன கருவி சரி செய்துவிடும்.

2. டேப்பா, ஸ்பேஸா?

மேக் ஃபைலில் பழைய ஃபைல்களை அழிக்க 'டெல்' என்று எழுதியிருந்தோம். அது விண்டோஸ் கட்டளை, லினக்ஸில் 'ஆர்எம்'. அந்த வரியை அடித்து மாற்றினேன். உடனே 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று புது எரர்.

மேக் ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். லேபில் இருந்த எடிட்டர் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போட்டுவிட்டது. பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மேக்கை 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். டேப் தொல்லை தரும் என்று அவருக்கே பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டதால், அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று மாற்றாமல் விட்டாராம். அந்தச் சிரமம் என் தலையில் விடிந்தது.

3. சின்ன எழுத்து, பெரிய எழுத்து

அடுத்து ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை. ஃபைலின் பெயர் சின்ன 'பி'யில் இருந்தது. நாங்கள் இன்க்ளூட் வரியில் பெரிய 'பி' போட்டிருந்தோம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மேக் கணினியும் சாதாரணமாக அப்படித்தான். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். இதற்கு எளிய வழி, எல்லா ஃபைலுக்கும் சின்ன எழுத்திலேயே பெயர் வைப்பது.

4. லிங்க்கர் கேட்ட லைப்ரரி

கம்பைல் முடிந்தது என்று மூச்சு விட்டேன். 'சீல்' ஃபங்ஷனைக் காணோம் என்றது லிங்க்கர். அபராதத்தை முழு ரூபாயாக்க அதைப் பயன்படுத்தியிருந்தோம். "விட்டுடுடா, எல்லாத்தையும் அழிச்சிட்டு கம்பைலரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணலாம்" என்றான் நண்பன். மணி ஒன்றேகால்.

யோசித்தேன். ஹெடர் என்பது இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு என்ற அறிவிப்புதான். அதன் உடல் லைப்ரரியில் இருக்கிறது. நண்பனின் விண்டோஸ் கம்பைலர் கணித லைப்ரரியைக் கேட்காமலே சேர்த்திருந்தது. லினக்ஸில் அது தனி லைப்ரரி. 'மைனஸ் எல் எம்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதையும் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் எழுத வேண்டும். லிங்க்கர் இடமிருந்து வலமாகத் தேடுவதால், முன்னால் எழுதினால் கண்டுகொள்ளாமல் போய்விடலாம்.

சேர்த்தேன். ஒன்றே முக்காலுக்கு மெனு திரையில் வந்தது. எங்கள் நூலகத்தில் முதல் புத்தகத்தைப் பதிவு செய்தபோது என் கை நடுங்கியது உண்மை.

5. பக்கத்து லேபில் ஓடவில்லை

அதே புரோகிராமை மறுநாள் பக்கத்து லேபுக்குக் கொண்டு போனோம். 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்றது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. எங்கள் லேபில் உபுண்டு 22.04, அதில் இருப்பது 2.35. பக்கத்து லேபில் 20.04, அதில் 2.31தான். பழைய சிஸ்டத்தில் கட்டியது சாதாரணமாகப் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. ஆகவே பலருக்குக் கொடுப்பதென்றால் இருப்பதிலேயே பழைய சிஸ்டத்தில் கட்டுங்கள். எந்த லைப்ரரி வேண்டும் என்பதை லினக்ஸில் 'எல்டிடி' கட்டளை பட்டியலிடும். டெபியன், உபுண்டு பேக்கேஜ்களில் 'டிபெண்ட்ஸ்' என்று ஒரு வரி இருப்பது இதற்காகத்தான். என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வரி அது.

நண்பர்களே, இவற்றில் ஒன்றுகூட கஷ்டமான விஷயம் இல்லை. நம் சிஸ்டம் சொல்லாமலே செய்து தந்த உதவிகளை அடுத்த சிஸ்டம் செய்யவில்லை, அவ்வளவுதான். எரர் மழையாகக் கொட்டினாலும் முதல் எரரை மட்டும் படியுங்கள். பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் பிள்ளைகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். ரிவியூவுக்கு ஒரு வாரம் முன்பே லேப் மெஷினில் ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே "இது நமக்கு வராது" என்று முன்பெல்லாம் நினைப்பேன். எரர் மெசேஜ் நம்மைத் திட்டவில்லை, தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. கேட்க ஆளில்லாதவனுக்கு அதுவும் ஒரு வாத்தியார்தான். பொறுமையாகப் படித்தால் பதில் சொல்லும்.