காவல் நாயைக் கயிற்றில் நடக்கப் பழக்குதல்

இளங்காளையை நுகத்திற்குப் பழக்காமல் ஏரிற் பூட்டும் குடியானவர் ஒருவரும் இலர். ஆயினும் தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்போரிற் பலர் அதனைக் கயிற்றில் நடக்கப் பழக்குவதேயில்லை. பகலிற் கட்டுண்டு கிடந்து இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய்க்கு இஃது எதற்கு என்பது அவர்கள் எண்ணம். வெறிநோய்த் தடுப்பூசிக்காக அதனைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நாளிலே இதன் குறை வெளிப்படும். சாலையை அடைந்ததும் நாய் முன்னே பாயும். அல்லது நான்கு கால்களையும் ஊன்றிப் பின்வாங்கி, பட்டையினின்று தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் ஊசி போடும் எண்ணமே கைவிடப்படுகிறது. உலகில் வெறிநாய்க்கடியால் மாள்வோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் பாஸ்டியர் நிலையம் தோன்றியது. கடிபட்டோருக்குரிய தடுப்பு மருந்தும் கிடைக்கிறது. எனினும் நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலின் நாய் கயிற்றில் நடப்பது பட்டணத்தாரின் அலங்காரமன்று.

பட்டையினின்று தலை உருவிக்கொள்வதற்குக் காரணம் நாயின் உடலமைப்பே. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களுக்குக் கழுத்து நீண்டது; தலை ஒடுங்கியது. கழுத்தின் சுற்றளவுக்கும் தலையின் சுற்றளவுக்கும் வேற்றுமை மிகச் சிறிது. சாதாரணப் பட்டையைத் தளர்த்திக் கட்டினால் கழன்றுவிடும். இறுக்கிக் கட்டினால் தோல் உரிந்து புண்ணாகும். கோம்பை நாயின் தலை சற்று அகன்றதாகலின் அதற்கு இத்தொல்லை குறைவு.

ஒடுங்கிய தலையுடைய நாய்களுக்கு ஏற்றது இரட்டை வளையப் பட்டை. மேனாட்டார் இதனை மார்ட்டிங்கேல் என்பர். ஒன்றரை அங்குல அகலமுள்ள மெத்தென்ற தோல் வாரின் இரு நுனிகளிலும் ஒவ்வோர் இரும்பு வளையம் தைக்கப்பட்டிருக்கும். அவ்விரு வளையங்களினூடும் ஒரு சிறு வார் வட்டமாகக் கோக்கப்பட்டிருக்கும். கைக்கயிறு அச்சிறு வாரில் மாட்டப்படும். நாய் அமைதியாக நடக்குங்கால் பட்டை தளர்ந்து தொங்கும். அது பின்வாங்கினால் வளையங்கள் நெருங்கிப் பட்டை கழுத்தளவுக்குச் சுருங்கும், அதற்குமேல் சுருங்காது. செவிகளுக்குச் சற்றுப் பின்னே கழுத்தை அளந்து இதனைச் செய்வித்தல் வேண்டும். முற்றும் இழுத்த நிலையில் வளையங்களுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி எஞ்சுவது சரியான அளவு. வளையங்கள் ஒன்றையொன்று முட்டுமாயின் பட்டை பெரிது, நாய் உருவிக்கொள்ளும். செருப்பும் மாட்டு வாரும் தைக்கும் எவரும் இதனை எளிதிற் செய்து தருவர்.

சுருக்குச் சங்கிலி இதனின் வேறானது. அதற்கு எல்லையில்லை, இழுக்க இழுக்க இறுகும். ஜெர்மனியில் 1910-ஆம் ஆண்டில் கன்ராட் மோஸ்ட் என்பார் வெளியிட்ட நூல் முதலாக, கயிற்றை வெட்டியிழுத்து நாயைத் திருத்தும் முறை போலீஸ், ராணுவ நாய்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. இன்றைய அறிவு அதனை ஆதரிக்கவில்லை. கழுத்தை நெரிப்பதால் மூச்சுக்குழல் ஊறுபடலாம். கண்ணினுள் அழுத்தமும் மிகுகிறது. இவ்வலியை நாய் தன் பிழையோடு சேர்த்துணரும் என்பதற்கும் உறுதியில்லை. எதிரே வரும் பிள்ளையைக் கண்ட கணத்தில் கழுத்து நெரிந்தால், பிள்ளைகளைக் கண்டு சீறவும் அது கற்றுக்கொள்ளும். முட்பட்டையும் இக்குற்றமுடையதே. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-ஆம் ஆண்டில் சட்டத்தால் விலக்கினர்.

இரட்டை வளையப் பட்டையும் தானே எதனையும் கற்பிப்பதில்லை. நாயைத் தப்பவிடாமற் காப்பதே அதன் வேலை. கற்பிப்பது, கயிறு தளர்ந்திருக்கும் பொழுது கிடைக்கும் இரையும் நடையுமேயாம். நாயின் இயல்பான நடை மனிதர் நடையினும் விரைவானது. இழுத்தவுடன் போகவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்தால், இழுப்பதே வழி என்று அது கண்டுகொள்கிறது. ஆதலின் இழுப்பு ஒருகாலும் பலிக்கக்கூடாது. முதல் மூன்று நான்கு நாள்கள் தீனி வைக்கும் வேளையில் மட்டும் பட்டையை அணிவித்துக் கழற்றுக. பின்னர் வீட்டு முற்றத்தில், காலையில் தீனிக்கு முன், ஆறடிக் கயிற்றுடன் நடத்துக. வேகவைத்த ஈரலையோ முட்டையையோ சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி மடியில் வைத்துக்கொள்ளல் வேண்டும். நாய் முழங்காலுக்கு அருகே நடக்கும்பொழுது இரண்டடிக்கு ஒரு துண்டு கொடுக்கலாம். அது முன்னே இழுத்த கணமே நட்ட மரம்போல் நின்றுவிடுக. அதட்டலும் வேண்டா, கயிற்றைச் சுண்டுதலும் வேண்டா. நாய் திரும்பிப் பார்த்து ஓரடி பின்வந்து கயிறு தளர்ந்ததும், ஒரு துண்டு கொடுத்து நடையைத் தொடர்க. முதல் நாள் பத்து நிமிஷத்தில் இருபது கஜங்கூடக் கடக்க இயலாது போகலாம். பொறுமையிழந்து நாயை இழுத்துக்கொண்டு போவோரே மிகப் பலர். அன்றைய பாடம் அத்துடன் கெட்டது. வேளைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரு வேளை போதும். வீட்டுப் பையன் மாலையில் அதே நாயை இழுத்த இழுப்புக்கெல்லாம் ஓடவிட்டால், காலையிற் செய்த வேலை வீணாகும். கயிறு பிடிப்போர் அனைவர்க்கும் விதி ஒன்றே.

முற்றத்திற் செம்மையாக நடக்கும் நாயும் ஆட்டுக்கிடையைக் கண்டால் எல்லாவற்றையும் மறக்கும். அது நாயின் குற்றமன்று. பாடம் இன்னும் அவ்விடத்திற்கு எட்டவில்லை. ஆடுகளைக் கண்டும் நாய் இரை வாங்கி உண்ணுமளவு தொலைவில், நூறு கஜமாயினும் சரி, பழக்கத்தைத் தொடங்கி, நாளுக்குச் சிறிது நெருங்குக. இராஜபாளையம் நாய்களிற் சில, குறிப்பாக முற்றும் வெண்ணிறமானவை, பிறவியிலேயே செவிடாயிருப்பதுண்டு. அழைத்தும் திரும்பாத குட்டியை முரடென்று அடிக்குமுன், அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் வேண்டும். செவிட்டு நாய்க்குக் கையசைவே சொல்.

பயிற்சி முடிந்ததும் இப்பட்டையைக் கழற்றிவிடுக. இதனை அணிந்து வேலியோரம் திரியும் நாயின் வளையம் உடைமுள்ளில் மாட்டினால், அது திமிறுந்தோறும் பட்டை இறுகும். கட்டிப்போடுவதற்கும் இஃது ஆகாது. அதற்குச் சாதாரணப் பட்டை உண்டு.

குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதும் பழக்கத்தைத் தொடங்கினால், மூன்றாம் மாதத்தில் முதல் தடுப்பூசிக்கு அது தானே நடந்துவரும். அதன்பின் ஆண்டுதோறும் ஊசி போடுவது வழக்கம். நாளை மருத்துவர் குறித்துத் தருவார். ஊசி நாளுக்கு முன்பாகவே இரண்டொரு முறை நாயை மருத்துவமனை வாயில்வரை நடத்திச் சென்று, அங்கே இரை கொடுத்து, ஊசியின்றியே திரும்ப அழைத்து வருதல் நலம்.