சூளையில் விரிசல் விட்டால் யாரைத் திட்டுவது?

ஆறிய சூளையைத் திறந்து பொருள்களை இறக்குகிறார்கள். ஜாடிகளில் பாதிக்கு விரிசல். சூப்பர்வைசர் அச்சு வார்த்தவர் மேல் பாய்கிறார். வார்த்தவர் சூளைக்காரரைக் கைகாட்டுகிறார். சூளைக்காரர் மண் சரியில்லை என்கிறார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் மட்டுமல்ல, பீங்கான் வேலை நடக்கிற எந்த ஊரிலும் இந்தச் சண்டை உண்டு.

கோபப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். வேலைமேல் பற்று இல்லாதவனுக்கு விரிசலைப் பார்த்துக் கோபமே வராது. வருகிற கோபத்தை விழுங்கினால் அது டீக்கடையில் புறணியாக வெளியே வரும். அந்த வேகத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் ஒரு தொழிலாளியின் வளர்ச்சி இருக்கிறது.

முதல் வேலை, உடைந்த துண்டைக் கையில் எடுப்பது. விரிசலின் விளிம்பை நன்றாகப் பாருங்கள். விளிம்பு மழுங்கி, கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) உள்ளே வழிந்திருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் விட்டுவிட்டது. காயவைத்ததிலோ சூடேற்றியதிலோ கோளாறு. விளிம்பு கூராக, கிளேஸும் சேர்ந்தே பிளந்திருந்தால் ஆறும்போது விட்ட விரிசல். மண்ணில் கலந்திருக்கிற குவார்ட்ஸ் சுமார் 573 டிகிரி செல்சியஸில் திடீரெனக் கன அளவு மாறும். அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் பொருள் பிளக்கும். ஆக, யார் செய்தது என்று கோபம் கேட்கும்போது, எப்போது நடந்தது என்று துண்டு பதில் சொல்கிறது. எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது எழுதி வைப்பது. தேதி, எந்தக் கலவை, சூளையில் எந்த வரிசை, எத்தனை மணி நேரம் சூடேற்றினோம், எத்தனை மணி நேரம் ஆறவிட்டோம். இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 18ஆம் நூற்றாண்டில் ஜாஸ்பர் என்ற புதுவகைப் பீங்கானுக்காக ஆயிரக்கணக்கில் சோதனை செய்தார். சோதனைத் துண்டுகளுக்கு எண் போட்டு, நோட்டில் குறித்துவைத்தார். சூளை வெப்பத்தை அளக்க அவர் கண்டுபிடித்த கருவிக்காக 1783இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவருக்குச் சோறு போட்டது அந்த நோட்டுதான் என்பேன்.

பிறகு பேச்சு. சூளைக்காரரிடம், “அண்ணே, மேல் வரிசை மட்டும்தான் பிளந்திருக்கு. சீக்கிரம் திறந்துட்டமோ? அடுத்த முறை கொஞ்சம் ஆறவிட்டுப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். குற்றச்சாட்டு இல்லை, கையில் துண்டு இருக்கிறது, மறுக்க அவருக்கு அவசியமும் இல்லை.

எல்லாக் கோபத்தையும் இப்படி நோட்டுக்குள் அடக்கிவிடவும் கூடாது. உடைந்த பொருளுக்குக் கூலி பிடித்தால், காய்ந்த மண்தூசி பறக்கிற இடத்தில் முகக்கவசம் தராவிட்டால், அது நியாயமான கோபம். அதிலுள்ள சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கவசம் கேட்டு நாலு பேராகக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். தனியாகக் கத்தினால் ‘கோபக்காரன்’ என்ற பெயர்தான் மிஞ்சும்; சேர்ந்து எழுதிய தாளை ஒதுக்குவது கடினம்.

விருத்தாசலத்திலேயே அரசின் செராமிக் பட்டயப் படிப்பு இருக்கிறது. அருகில் நெய்வேலியின் களிமண் இருக்கிறது. படித்துவிட்டு வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, முதல் நாளே ஒரு நோட்டு வாங்குங்கள். உடைந்த துண்டுகளைக் குப்பையில் கொட்டுவதற்கு முன், சூப்பர்வைசரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.