மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையா?

நீட் தேர்வு முடிவு வந்த அன்று சில வீடுகளில் இனிப்பு வழங்குவார்கள்; பல வீடுகளில் பேச்சே நின்றுவிடும். ஊரிலிருந்து விசாரிக்கும் உறவினர்களுக்கு என்ன சொல்வதென்று பெற்றோர் தவிப்பார்கள். அத்தகைய வீடுகளுக்காகவே இக்கட்டுரை.

நம் கல்யாணைச் சேர்ந்த குடும்பத்தில் 1865-ல் பிறந்தவர் ஆனந்திபாய் ஜோஷி. அவர் பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்தே நாட்களில் இறந்தது. தக்க மருத்துவ உதவி இல்லாததே காரணம் என்று கருதிய அவர், தாமே மருத்துவராவது என்று உறுதி பூண்டார். மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டு கணவர் கோபால்ராவ் அமெரிக்கப் பாதிரியார்களுக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்ற பதிலை இருவரும் ஏற்கவில்லை. முயற்சி அதோடு முடிந்ததாகவே தோன்றியது. ஆனால் அந்தக் கடிதம் அங்கே ஓர் இதழில் அச்சாகியிருந்தது. 1880-ல் அதைப் படித்த நியூ ஜெர்சியின் கார்ப்பெண்டர் அம்மையார் உதவ முன்வந்தார். ஆனந்திபாய் 1883-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1886-ல் பட்டம் பெற்றார்.

பயனற்றுப் போனதாகத் தோன்றிய கடிதமே கதவைத் திறந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தோற்ற முயற்சியிலும் பயன்படும் பொருள் இருக்கிறது. ரயில்வேயில் ஓர் எஞ்சின் நடுவழியில் நின்றால் அதைப் பழித்துக்கொண்டிருக்க மாட்டோம். எந்தப் பாகம், என்ன காரணம் என்று பார்த்துப் பதிவு செய்வோம். தேர்வையும் அவ்வாறே ஆராயலாம்.

1. விடைக்குறிப்பை வைத்து, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: பாடம் தெரியாதவை, தெரிந்தும் தவறியவை, நேரமின்றி விட்டவை. முதல் வகைக்குப் படிப்பும், இரண்டாவதற்கு நிதானமும், மூன்றாவதற்கு மாதிரித் தேர்வும் மருந்து. 2025-ம் ஆண்டுத் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 கழிவு. 20 கேள்விகளில் ஊகம் பொய்த்தால் 20 மதிப்பெண் போய்விடும்.

2. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. இங்கேயே பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த நம் பிள்ளைகள், மகாராஷ்டிர டொமிசைல் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் காகிதம் இல்லாமல் இடத்தை இழக்கக் கூடாது.

3. மீண்டும் எழுதுவதானால் எத்தனை முறை என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நர்சிங், பிசியோதெரபி, பார்மசி ஆகியவையும் நோயாளிக்கு உதவும் படிப்புகளே.

4. தூக்கத்தையும் உணவையும் குறைக்க வேண்டாம். ஆனந்திபாய் 1887-ல், 22 வயது நிரம்பும் முன்பே காசநோயால் மறைந்தார். அவருடைய உறுதியைப் பின்பற்றும் பிள்ளைகள் உடல்நலத்தையும் பேண வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு வேளையில் பேசாதீர்கள். மனம் சோர்ந்த பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "சாப்பிட்டாயா?" என்பதுதான். கணக்குப் பார்ப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.