அசையாத சுரமும் அசையும் விரலும்

(இசையும் இயற்பியலும்)



போன வருஷம் நம்ம பள்ளி ஆண்டு விழாவில் நான் கீபோர்டு வாசித்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தப்புகூட விடவில்லை. கைதட்டலும் நிறைய கிடைத்தது. நானும் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் எங்கள் தெருவில் இருக்கும் நாதஸ்வரத் தாத்தா என்னைக் கூப்பிட்டார். "சுரம் எல்லாம் சரியாத்தான் விழுந்துச்சு தம்பி. ஆனா ஒண்ணுகூட அசையலையே!" என்றார்.

எனக்கு முகம் வாடிவிட்டது. சரியாக வாசித்த பிறகும் என்ன குறை? அதைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இந்த இதழில் எழுதியிருக்கிறேன்.

அசைவு என்றால் என்ன?

உங்க அம்மாவோ பாட்டியோ தாலாட்டு பாடும்போது கவனித்துக் கேளுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குரல் படி ஏறுவது போல 'டக்'கென்று தாவாது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போய்ச் சேரும். கர்நாடக இசையில் இதற்குக் கமகம் என்று பெயர். சுரத்தை ஆட்டுவது கம்பிதம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது ஜாரு. மேல்நாட்டு இசையில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்க விடுவதை வைப்ரேட்டோ என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் உறவுக்காரர்கள்.

வீணையில் இதை எப்படிச் செய்கிறார்கள்? வீணையில் 24 மெட்டுகள் உண்டு. மெட்டின் மேல் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பார்கள். இழுத்தால் தந்தி விறைக்கும், சுரம் மேலே போகும். விட்டால் கீழே வரும். இழுத்து விட்டு, இழுத்து விட்டு வாசித்தால் அதுதான் அசைவு. இதில் ஒரு நுட்பம் உண்டு. தந்தியை இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் காந்தாரத்தை ஆட்ட வேண்டுமென்றால் அதற்குக் கீழேயுள்ள மெட்டில் நின்றுகொண்டு மேலே இழுக்க வேண்டும்.

மாண்டலின் சிறுவன்

இனி ஒரு சிறுவனின் கதை. 1969ஆம் ஆண்டு ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் பிறந்தவர் யு. ஸ்ரீனிவாஸ். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அவருக்குக் குருவாக அமைந்தவர் ருத்ரராஜு சுப்பராஜு. இவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் கேட்டு அப்படியே வாசிக்க வேண்டும். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. பாட்டு எப்படி அசைகிறதோ அப்படித் தந்தியையும் அசைக்க, வழியை அவரேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

அது லேசான காரியம் இல்லை. மாண்டலின் இத்தாலியில் உருவான கருவி. அதில் கமகம் வராது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததற்குக் காரணமும் உண்டு:

1. அதன் தந்தி மிகவும் குட்டை. கிட்டாரில் தந்தியின் நீளம் சுமார் 65 செ.மீ. மாண்டலினில் சுமார் 35 செ.மீ.தான். மெட்டுகள் நெருக்கமாக இருக்கும்.

2. தந்திகள் இரண்டிரண்டாக, நான்கு ஜோடியாக எட்டு இருக்கும். ஜோடியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசகும்.

3. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஒலியே இல்லாதபோது எதை அசைப்பது?

ஸ்ரீனிவாஸ் கருவியையே மாற்றினார். எட்டுத் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்டார். மின்சார மாண்டலினுக்கு மாறினார். அதில் ஒலி நின்று நீடிக்கும். ஒருமுறை மீட்டிவிட்டு, அது அடங்குவதற்குள் இடது கை விரலால் தந்தியை இழுக்கலாம், வழுக்கலாம். குரல் மாதிரியே பாட வைக்கலாம்.

1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. 1981 டிசம்பர் சீசனில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது அவருக்கு வயது 12. நம்ம எட்டாம் வகுப்புத் தம்பிகளின் வயது! 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதிலேயே காலமாகிவிட்டார். இன்றைக்கும் 'மாண்டலின்' என்றாலே தமிழ்நாட்டில் அவர் பேர்தான் முதலில் வரும்.

உங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டுக் கருவியை நம்மவர்கள் பழக்கியது அதுதான் முதல் தடவை இல்லை. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அவர் நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் அரசவை வித்துவானாக இருந்தவர்!

பருத்திக் காட்டு கிட்டார்

ஸ்ரீனிவாஸுக்கு வந்த அதே சிக்கல் அமெரிக்காவில் ஒருவருக்கும் வந்திருக்கிறது. அவர் பி.பி. கிங் (1925 - 2015). புளூஸ் என்னும் இசையின் பெரிய கிட்டார் கலைஞர். பின்னால் வந்த ராக் கிட்டார்காரர்கள் பலர் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி எடுக்கும் வேலை செய்து வளர்ந்தவர். பருத்தி என்றால் என்ன, அந்த வேலை என்ன என்று ராஜபாளையத்துப் பக்கம் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய உறவினர் புக்கா ஒயிட் தந்தியின் மேல் உலோகத் துண்டை வழுக்கி கிட்டார் வாசிப்பார். அந்த ஒலி அழுகிற மாதிரி இருக்கும். கிங்குக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் எவ்வளவு முயன்றும் அவருக்கு அது கைவரவில்லை. சரி, வெறும் விரலாலேயே அந்த நடுக்கத்தைக் கொண்டுவருவோம் என்று தந்தியை அழுத்தியபடி கையை வேகமாக ஆட்டப் பழகினார். பட்டாம்பூச்சி சிறகடிப்பது போல அவர் கை துடிக்கும். ஒரே ஒரு சுரம் வாசித்தாலும் "இது கிங்" என்று ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள்.

நண்பர்களே, இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ஒருவர் குருவின் குரலைப் பின்பற்றப் போனார். இன்னொருவர் தன்னால் முடியாத ஒரு ஒலியைப் பின்பற்றப் போனார். ஒருவருக்கும் விரலைப் பிடித்து யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு பேருக்கும் முதலில் பழகியது காது. விரல் அதன் பின்னால் போனது.

செய்து பார்ப்போம்

நம்ம இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானி இருக்கிறது அல்லவா? ஆசிரியரிடம் அனுமதி வாங்கி நானும் என் நண்பனும் இதைச் செய்து பார்த்தோம். பாடத்தில் படித்த விதி: கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

முதலில் தாங்கியோடு சேர்த்து 2 கிலோ எடை தொங்கவிட்டோம். கம்பிக்கு அடியில் உள்ள நகரும் கட்டைகளைச் சரிசெய்து, கீபோர்டின் 'ச'வோடு சேர்த்தோம். அதன் பிறகு கட்டைகளைத் தொடவே இல்லை.

அரை கிலோ கூட்டி 2.5 கிலோ ஆக்கினோம். அதிர்வெண் ஏறக்குறைய 1.12 மடங்கு. கீபோர்டில் ஒத்துப் பார்த்தால் சதுஸ்ருதி 'ரி'!

இன்னும் அரை கிலோ. மொத்தம் 3 கிலோ. அதிர்வெண் ஏறக்குறைய 1.22 மடங்கு. அந்தச் சுரத்தைக் கீபோர்டில் தேடினோம். சாதாரண காந்தாரத்தை அழுத்தினால் கம்பி அதைவிட மேலே இருக்கிறது. அந்தர காந்தாரத்தை அழுத்தினால் கம்பி கீழே இருக்கிறது. நடுவிலே கட்டையே இல்லை!

தாத்தா சொன்னது அப்போதுதான் புரிந்தது. கீபோர்டில் இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றுமில்லை. தந்தியில் அந்த நடுவிடம் இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் அப்படிப்பட்ட இடங்களில் ஆடித்தான் தோடியாகிறது. புளூஸ் கலைஞர்கள் தந்தியை இழுத்துத் தேடுவதும் இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே உள்ள இந்த இடத்தைத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். அதே கம்பியை ஓரத்தில் மீட்டினால் கூர்மையான ஒலி வரும். நடுவில் மீட்டினால் மெத்தென்று வரும். சுரம் ஒன்றுதான், நாதம் வேறு. அப்படியானால் நாதத்தில் பாதி வலது கையில், அசைவு இடது கையில். கருவியின் விலையில் இல்லை!

எல்லாவற்றையும் ஆட்டலாமா?

கூடாது. கர்நாடக இசையில் ச, ப இரண்டும் அசையாத சுரங்கள். அவை நிலையாக நின்றால்தான் மற்றவை ஆடுவது அழகாகத் தெரியும். தேர் ஆடி வருவது அழகு, தேரடி ஆடலாமா? கிங்கும் ஓயாமல் வாசிக்க மாட்டார். நிறைய இடம் விட்டு, பிடித்து நிறுத்தும் சுரத்தைத்தான் நடுங்க விடுவார். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதில்தான் கலைஞரின் கையெழுத்து இருக்கிறது.

ஜான் மக்லாலின் என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர் வீணை கற்றவர். 1970களில் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, தந்தி நன்றாக இழுபட வேண்டும் என்று கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்து வைத்திருந்தார். பின்னாளில் அவரும் நம்ம ஸ்ரீனிவாஸும் ஒரே மேடையில் வாசித்தார்கள்.

இப்போது நான் என்ன செய்கிறேன்?

சித்தப்பாவின் பழைய கிட்டாரைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். சொல்லித்தர இங்கே எனக்கு யாரும் கிடைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தாத்தா வீட்டுத் திண்ணைக்குப் போகிறேன். அவருக்குக் கிட்டார் தெரியாது. அவர் பாடுகிறார், நான் முதலில் கூடவே பாடுகிறேன், பிறகு தந்தியில் தேடுகிறேன். விரல் நுனி காய்த்துப் போச்சு. போன வாரம் ஒரே ஒரு காந்தாரம் கொஞ்சம் அசைந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, "இன்னொரு தடவ வாசி" என்றார்.

உங்களுக்கும் ஒரு கருவியின் மேல் ஆசை இருந்து, சொல்லித்தர ஆள் இல்லை என்று விட்டிருந்தால், முதலில் நன்றாகப் பாடுகிற ஒருவரைத் தேடுங்கள். கேளுங்கள். பாடுங்கள். பிறகு வாசியுங்கள்.

யோசியுங்கள்: சுரமானியில் 2 கிலோவுக்கு 'ச' என்றால், மேல் 'ச' வர எத்தனை கிலோ வேண்டும்? (விடை: 8 கிலோ. அதிர்வெண் 2 மடங்காக இழுவிசை 4 மடங்கு ஆக வேண்டும். ஆனால் செய்து பார்த்துவிடாதீர்கள், கம்பி அறுந்து கண்ணில் படலாம்!)

- பதினொன்றாம் வகுப்பு மாணவன், சோழபுரம்