கணினி விளையாட்டும் கணக்குப் பாடமும்

விளையாட்டு வீண்பொழுது என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் உண்டு. ஆயினும், பல்லாங்குழி ஆடிய நம் பாட்டிமார் பலகையும் பலப்பமும் இன்றியே எண்ணக் கற்றனர் என்பதை யாவரும் அறிவர். இன்று கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனைக் குழந்தைகளின் கல்விக்குப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினரும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒன்றியப் பள்ளி ஒன்றைப் பார்வையிட்டபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 42இல் 17ஐக் கழித்து 35 என்று விடை கூறியதைக் கண்டோம். அவள் ஆடிய கைப்பேசி விளையாட்டு ‘தவறு’ என்று காட்டியதேயன்றி, தவறு எங்கே என்பதைக் காட்டவில்லை. ஆசிரியையோ உடனே கண்டுகொண்டார். 2இல் 7 போகாது. ஆகவே குழந்தை 7இல் 2ஐக் கழித்துவிட்டது. இவ்வறிவு வகுப்பறையில் நாள்தோறும் பழகி வருவது. கணினி வல்லுநர் தனித்திருந்து செய்யும் விளையாட்டில் இதற்கு இடமிராது.

மாத்யூ காம் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் மூன்று இடங்களில் கிராமக் குழந்தைகளிடையே ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குழந்தைகளின் பழக்கத்திற்கு ஒவ்வாத கணினி விளையாட்டுகள் அவர்களுக்கு விளங்கவில்லை. அக்குழந்தைகள் ஆடும் 28 கிராம விளையாட்டுகளின் அமைப்பை அறிந்து புதியதொன்று செய்தபோது, அது எளிதில் விளங்கிற்று.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களில் இதனை எவ்வாறு செய்யலாம்? முதலாவதாக, குழந்தைகள் எங்கே தவறுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் கூடிக் குறித்தல் வேண்டும். இரண்டாவதாக, அதற்கேற்ற விளையாட்டைத் தரையிலேயே ஆடிப் பார்த்தல் வேண்டும். பால்கோவாக் கடை ஒன்றைக் கொள்வோம். குழந்தையிடம் நான்கு பத்து ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் உள்ளன. 17 ரூபாய் கொடுக்க வேண்டும். ஒரு தாளை மாற்றினால் மூன்று தாள்களும் பன்னிரண்டு நாணயங்களும் ஆகும். கொடுத்தது போக மீதி 25. கடன் வாங்கிக் கழிப்பதன் பொருள் இப்போது கைக்குத் தெரிகிறது.

மூன்றாவதாகவே கணினி வரவேண்டும். ‘ஸ்கிராட்ச்’ என்னும் இலவச மென்பொருள் 2007 முதல் கிடைக்கிறது; ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால் இணையமின்றியும் இயங்கும். இறுதியாக, குழந்தை ஆடும்போது ஆசிரியர் குறுக்கிடாது கவனித்து, அவள் தயங்கும் இடத்தைத் திருத்துதல் வேண்டும்.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆடல் பாடல் வழிக் கற்பித்தலுக்கு இடமளித்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உளர். ஆகவே, அங்கத்தினர்களே, கருவியோ விளையாட்டோ வாங்கப் பணம் ஒதுக்குமுன், “இதனை எந்த ஆசிரியர் ஆடிப் பார்த்தார்? எந்தத் தவறைத் திருத்த இது உதவும்?” என்று வினவுங்கள். விடை இல்லையேல் பணத்தை நிறுத்தி வையுங்கள். மூன்றாம் வகுப்பில் கழித்தல் புரியாத குழந்தை, பின்னர் வகுத்தலிலும் பின்னத்திலும் இடறி, வாய் திறவாது பின்தங்கிவிடும். அதனைத் தடுப்பது நம் அனைவரின் கடமையாகும்.