எக்ஸ்ரே படத்தில் இதயப் பம்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டயகமவிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போய் வருபவர்களின் எக்ஸ்ரே படத்தை லயத்தில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து ஆளுக்கொரு அர்த்தம் சொல்வதுண்டு. அதில் சில அர்த்தங்கள் ஆபத்தானவை.

நம்பிக்கை: தோள்பட்டைக்குக் கீழே தெரியும் பெட்டிதான் இதயப் பம்பு.

உண்மை: அநேகமாக அது பேஸ்மேக்கர். மின் துடிப்பை அனுப்புமே தவிர இரத்தத்தை இறைக்காது. இறைக்கும் பம்பு இதயத்தின் கீழ் நுனியில், இடது கீழறையோடு பொருத்தப்படுவது. அதன் வயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பில் கட்டிய கருவியையும் பேட்டரியையும் சேரும். சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் இத்தகைய பம்புகளைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் பக்கம் இது அபூர்வம்.

நம்பிக்கை: பம்புக்கும் பெருநாடிக்கும் நடுவே படத்தில் ஒன்றுமே இல்லை, குழாய் கழன்றுவிட்டது.

உண்மை: இதைக் கேட்டுப் பதறிப்போக வேண்டாம். பம்பிலிருந்து பெருநாடிக்கு இரத்தம் கொண்டுபோகும் அந்தக் குழாய் நெய்த செயற்கை இழைத் துணி. எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று விழும், துணி விழாது. குழாயைப் பார்க்க, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலும் உலோகத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகள் சிதறி, பக்கத்தில் இருப்பதை மறைக்கும். குழாய் ஒடுங்கித் தெரிந்தால் உள்ளே இரத்தம் கட்டிவிட்டது என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. ஹார்ட்மேட் என்ற வகைப் பம்புகளில் குழாய்க்கு வெளியே, அதைச் சுற்றிய உறைக்கு அடியில் பொருள் சேர்ந்து குழாயை நெரிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது.

நம்பிக்கை: ஒரு எக்கோ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உண்மை: பம்பு அளவுக்கு மேல் வேகமாக இழுத்தால் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் இடப்பக்கம் சாயும், போதாமல் ஓடினால் வலப்பக்கம் தள்ளப்படும். அதனால் எக்கோ எடுத்தபோது பம்பு என்ன வேகத்தில் ஓடியது என்று குறிக்காத ரிப்போட் பாதி ரிப்போட்தான்.

நம்பிக்கை: கையில் நாடி இல்லையென்றால் உயிர் போய்விட்டது.

உண்மை: இந்தப் பம்பு இரத்தத்தை இடைவிடாமல் ஓட்டுவதால் பலருக்கு நாடி கைக்குப் பிடிபடாது.

எம்.ஆர்.ஐ. மட்டும் இந்தப் பம்பு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் என்றால் அதன் வகையைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். எந்த ஸ்கேனுக்குப் போனாலும் கருவியின் அட்டையையும் பழைய படங்களையும் கையோடு கொண்டுபோய் முதலிலேயே காட்டுங்கள்.